தாசனுக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு

நேற்று உங்கள் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்களில் ஒரு பெண் திரையில் ஒரு வட்டம் போட்டு, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, பாலியல் தொழில் செய்யும் ஒருத்தியின் வருமானம் எங்கெல்லாம் போகிறது என்று காட்டினாளே, அப்போது எனக்குப் பழைய செவ்வாய்க்கிழமை ஒன்று நினைவுக்கு வந்தது. லாட்ஜுக்கு ஒரு துண்டு, ஆட்டோக்காரனுக்குப் பெரிய துண்டு, ஊரில் இல்லாத வீட்டு வாடகைக்கு இன்னொரு துண்டு. இந்த இடைத்தரகர்களை அகற்றினால் போதும், அவள் நிமிர்ந்துவிடுவாள் என்று முடித்தாள். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. அந்தப் பெண் அதைக் கவனித்தாள், முகம் சுருங்கிவிட்டது.

அம்மா, உன்மேல் கோபமில்லை. அதே வட்டத்தை நானும் ஒருகாலத்தில் போட்டேன். உன்னைவிட நன்றாகவே போட்டேன், ஏனென்றால் நான் எம்.காம். ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் பத்து வருஷம் உட்கார்ந்துவிட்டு இந்தச் சுகாதாரத் திட்டத்துக்குக் களப்பணியாளராக வந்தவள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கேட்டால் இன்றைக்கும் “ஹெல்த் டிபார்ட்மெண்டில் இருந்தாள்” என்றுதான் சொல்வார்கள். நானும் திருத்தப் போனதில்லை. தம்பானூர் ஸ்டாண்டில் நம் திட்டத்துப் பெண்கள் எனக்கு வைத்த பெயர் கணக்கு மாமி.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு முதல் அதிர்ச்சி என்ன தெரியுமா? இது ராத்திரி வேலை என்று நினைத்திருந்தேன். டார்ச் லைட்டெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். வந்து பார்த்தால் பாதிப் பேர் காலை பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வருவார்கள், வேன் திரும்புவதற்குள் வீட்டில் இருப்பார்கள். எங்கள் தெருவில் பேங்குக்குப் போய் வந்த பெண்களுக்குக்கூட அவ்வளவு ஒழுங்கான நேரம் கிடையாது.

செல்வராணி அப்படிப்பட்டவள். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், தேட வேண்டாம். தக்கலைப் பக்கம் ஊர். புருஷன் கட்டட வேலைக்கு இங்கே கூட்டிக்கொண்டு வந்து, மூன்றாம் வருஷம் வேறொருத்தியோடு எர்ணாகுளம் போய்விட்டான். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் குழந்தை, ஷைனி. கரமனையில் ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரி சரோஜம்மாவிடம் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை என்று சொல்லியிருந்தாள். அந்த ஹோட்டலின் மேனேஜர் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். ஏதாவது அவசரம் என்றால் கூப்பிட என் நம்பரைக் கொடுத்திருந்தாள். ஆத்தில் ஒழுங்காகச் சாம்பார் வைக்கத் தெரியாத எனக்கு இப்படி ஒரு பதவி.

தம்பானூரில் அவளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது ஆட்டோ தாசன். ஐம்பது வயது, பாறசாலைக்காரன், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் பேசுவான், சிடுமூஞ்சி. அவன் ஆட்டோவை நம்பி ஆறு பெண்கள் இருந்தார்கள். யார் எவ்வளவு வாங்கினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. யாருக்கு என்ன போகிறது என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பு இவளுடையது, அவமானம் இவளுடையது, அவன் ஸ்டாண்டில் உட்கார்ந்து பீடி குடிப்பதற்கு மூன்றில் ஒன்றா?

அப்போதுதான் எல்லோர் கையிலும் நல்ல போன் வந்திருந்தது. நான் ஆறு பேரையும் கிளினிக்கின் பின்னறையில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தேன். வாடிக்கையாளர் நேராக உங்கள் போனுக்குக் கூப்பிடுகிறான், நடுவில் தாசன் எதற்கு என்று கேட்டேன். கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டு வாடகையையும் விடவில்லை. சரோஜம்மா அந்தப் பின்கட்டுக்கு வாங்குகிற காசில் முன்பக்க வீடே கிடைக்கும், வேறு இடம் பார் என்று செல்வராணியிடம் தனியாகவும் சொன்னேன். அவள் மெல்லக் கேட்டாள்: “தாசண்ணன் போகும்போது வண்டி நம்பர் எழுதி வைப்பாரே மாமி?”

அந்த நம்பர் விஷயம் எனக்குத் தெரியும். பெண் ஒரு காரில் ஏறுகிறாள் என்றால் தாசன் பக்கத்தில் போய் நிற்பான். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் வண்டியின் நாலு எண்களையும் எழுதுவான். எழுதுவதை வண்டிக்காரன் பார்க்கிற மாதிரி எழுதுவான். “சாரே, ரெண்டு மணிக்கு நான் இங்க நிப்பேன் கேட்டோ” என்று பல்லைக் காட்டாமல் சொல்வான். திரும்பி வந்ததும் அவள் அந்தத் துண்டை வாங்கிக் கிழித்துப் போடுவாள். நெடுமங்காடு தாண்டினால் மலையும் காடும்தான், அந்தப் பக்கம் போகிற வண்டியில் ஏற விடவே மாட்டான். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, முதலாளித்தனம் காட்டுகிறான் என்று நினைத்தேன்.

“நம்பர் எழுதவா இவ்வளவு காசு? வாட்ஸாப்பில் லைவ் லொகேஷன்னு ஒண்ணு இருக்கு. ஏறினதும் எனக்கு அனுப்பிடு. நீ போற வழியெல்லாம் என் போன்ல தெரியும். காலணா செலவில்லை” என்றேன். போனை வாங்கி எப்படி அனுப்புவது என்று ஆறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அந்த மாத அறிக்கையில் அதைச் சாதனை என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

ஆறு பேரும் தாசனுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. தாசன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து காலாண்டு அறிக்கைக் கூட்டம். போனைச் சைலண்டில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன். மூன்றரை மணிக்குக் கூட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தால் சரோஜம்மாவின் மூன்று அழைப்புகள். நான் திருப்பிக் கூப்பிட்டதும் அந்த அம்மாள் நிதானமாகவே பேசினாள்.

“மேனேஜரே, செல்வராணி இன்னும் வந்தில்ல. வேன் வந்தாச்சு. பிள்ளை இங்க என் கூட இருக்கு.”

“ஹோட்டலில் இன்னிக்கு ஒரு பார்ட்டி, கொஞ்சம் லேட் ஆகும்” என்றேன். செல்வராணி ஒருநாளும் வேனுக்குப் பிந்தியதில்லை. ஒருமுறை வர வேண்டிய காசை வாங்காமலே ஓடி வந்தவள் அவள்.

“சரி. பிள்ளை கேக்குது, அதான். காலைல பச்சை சுடிதார் போட்டுட்டுப் போனா” என்றாள் சரோஜம்மா. அதை ஏன் சொல்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

செல்வராணியின் போன் அணைந்திருந்தது. வாட்ஸாப்பைத் திறந்தேன். காலை பத்தே காலுக்கு அவள் லொகேஷன் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி, “போறேன் மாமி.” நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒன்றும் விடாமல். அந்தப் புள்ளி பேரூர்க்கடை, நெடுமங்காடு என்று போய் விதுரையைத் தாண்டி நின்றிருந்தது. பதினொன்றே முக்காலுக்குப் பிறகு அசையவில்லை. அது பொன்முடி போகிற ரோடு. மலையேறத் தொடங்கினால் சிக்னல் கிடையாது. நாலு மணி நேரமாக அந்தப் புள்ளி என் கைப்பைக்குள் நின்றுகொண்டிருந்தது, நான் கூட்டத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே பார்வர்டு லிங்கேஜ் என்று ஏதோ அறிக்கை வார்த்தை பேசிக்கொண்டிருந்தேன். பார்க்க ஆளில்லாத லொகேஷனை அனுப்பி அவளுக்கு என்ன லாபம்? பாவி நான், அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

திட்ட மேலாளரிடம் ஓடினேன். “புரோட்டோகால் இருக்கே மேடம், போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுங்க” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் புரோட்டோகாலில் கரமனை கிடையாது. போலீஸ் ஜீப் சரோஜம்மா வாசலில் போய் நின்றால், பெயர் என்ன, தொழில் என்ன என்று கேட்டால், நாளைக்கு அந்த வேனில் ஷைனி எப்படி ஏறுவாள்? ஐந்து வருஷமாக அவள் கட்டிக் காத்ததெல்லாம் அரைமணி நேரத்தில் போய்விடும். அதே சமயம் அந்த மலையில் அவள் எந்த நிலையில் கிடக்கிறாளோ. இரண்டு பக்கமும் அவள்தான், நான் எதைக் காப்பாற்றுவது?

கால் தானாகத் தம்பானூருக்குப் போயிற்று. தாசன் ஆட்டோவுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் முகத்தைத் திருப்பினான்.

“தாசா, செல்வராணி வரலை. பொன்முடிப் பக்கம் போயிருக்கா. போன் ஆஃப்.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். “எப்போ போனது?”

“பத்தே காலுக்கு.”

“பாத்தேன் மாமி. கரமனைப் பாலத்துக்கிட்ட ஏறினா. நீலக் கலர் வண்டி.”

எனக்கு உயிர் வந்தது. “நம்பர்?”

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். “எழுதல.”

“பார்த்தியேடா, ஏண்டா எழுதலை?”

“எழுத வேண்டாம்னு சொன்னது ஆரு மாமி?”

அவனை அறையலாம் போல இருந்தது. என்னையும் சேர்த்துத்தான். உங்களிடம் சொல்கிறேன், அந்த இடத்தில் அவன் எழுதியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். அவன் எழுதவில்லை. காசு வாங்கிச் செய்த வேலை, காசு நின்றதும் நின்றுவிட்டது. நான் ஜவுளிக் கடையில் சம்பளம் நின்ற பிறகு போய்க் கணக்கு எழுதினேனா என்ன?

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டே போனை எடுத்துவிட்டான். விதுரை ஸ்டாண்டில் பைஜு என்று ஒரு பையன், இவனுக்குத் தெரிந்த ஆட்டோக்காரன். “பைஜூ, ஒரு நீலக் காரு. முன்னால ஒரு ஆளும் ஒரு பெண்ணும். கல்லாறு செக்போஸ்டில் கேட்டு நோக்கு, வேகம்” என்றான். என்னிடம் திரும்பி, “என்ன டிரஸ்?” என்றான். அப்போதுதான் சரோஜம்மா சொன்னது எனக்கு உறைத்தது.

“பச்சை சுடிதார்” என்றேன்.

நான் தாசனிடம் சொன்னேன்: “அஞ்சு மணி வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் போலீஸ்தான்.”

“அஞ்சு பத்தாது மாமி. அந்தக் காட்டில் அஞ்சரைக்கு இருட்டிப் போகும். நாலரை.”

நாலரை என்று முடிவாயிற்று. இதை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். ரகசியத்தைக் காப்பாற்றுவதா ஆளைக் காப்பாற்றுவதா என்று தடுமாறும்போது முதலில் ஒரு மணியைக் குறியுங்கள். குறித்ததை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக வைத்துக்கொண்டால், இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று மனசு தள்ளிக்கொண்டே போகும்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் பைஜு கூப்பிட்டான். தாசன் ஸ்பீக்கரில் போட்டான். செவ்வாய்க்கிழமை, மழைக்காலம், மேலே போனதே பத்துப் பன்னிரண்டு வண்டிதான். செக்போஸ்ட்காரருக்கு நீலக் கார் நினைவிருந்தது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் மேலே போயிற்று, பச்சை சுடிதார் போட்ட பெண் முன்சீட்டில் இருந்தாள். ஒன்றரைக்குக் கீழே இறங்கியது.

“இறங்கும்போ அவன் ஒத்தைக்கு” என்றான் பைஜு. “பெண்ணு இல்ல.”

தாசன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஷைனியின் முகம்தான் கண்முன் வந்தது. அந்தக் குழந்தைக்கு நான் ஹோட்டல் ஆண்டி.

“நான் மேலே போய் நோக்கட்டா அண்ணா? ரேஞ்சு கிட்டாது. கண்டாலும் இறங்கி வந்துதான் விளிக்க முடியும்” என்றான் பைஜு.

“போடா, வேகம் போ” என்றான் தாசன்.

குறித்த மணி வர இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் காத்திருக்கவில்லை. அவன் தனியாக இறங்கினான் என்று கேட்ட பிறகு அந்த நாலரைக்கு அர்த்தமில்லை. நமக்கு உதவி செய்கிற ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். அவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஏதோ மந்திரி வருகைக்கு ரோட்டில் நிற்கிறார் என்று பிறகு தெரிந்தது. கன்ட்ரோல் ரூமுக்கு அடித்தால் முதல் கேள்வியே பெயரும் விலாசமும்தான். நாலரை வரைக்கும் இன்ஸ்பெக்டர் கூப்பிடாவிட்டால் கன்ட்ரோல் ரூம் என்று தாசனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஸ்டாண்டில் வந்த இரண்டு சவாரியைப் போகச் சொல்லிவிட்டான்.

நாலரை அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். முதலில் “எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்” என்று பொதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

“விதுரை ஸ்டேஷனுக்கு இப்பவே சொல்றேன். பேரு சொல்லுங்க மாமி, அட்ரஸ் சொல்லுங்க” என்றார்.

சொல்லிவிட்டேன். செல்வராணியின் முழுப் பெயரை, கரமனை விலாசத்தை, எல்லாவற்றையும் என் வாயாலேயே சொன்னேன். ஐந்து வருஷம் ஒளித்து வைத்ததை ஒரு மூச்சில் கொட்டிவிட்டேனே என்று இருந்தது. தாசன் ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தான். இன்றைக்குக் கேட்டாலும் அந்த இடத்தில் பெயரைச் சொல்லத்தான் சொல்வேன்.

பாதி சோடா உள்ளே போயிருக்காது, தாசனின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, அவன் முகம் எப்போதும் அப்படித்தான். போனை என்னிடம் நீட்டினான்.

“மாமி, ஷைனி வந்துட்டாளா?”

அவள் குரல்தான். முதல் வார்த்தையே அதுதான்.

“வந்துட்டாடி. சரோஜம்மாகிட்ட இருக்கா.”

“சாப்பிட்டாளா?”

“அதெல்லாம் ஆச்சு. நீ எங்கேடி இருக்கே, உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கு ஒண்ணும் இல்ல மாமி. கால்தான் போச்சு. செருப்பு வார் அறுந்து கையில வச்சிட்டு நடந்தேன்.”

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தம்பானூர் ஸ்டாண்டில், நடு ரோட்டில், ஒன்பது கஜம் கட்டாத குறைதான், மாமி ஒருத்தி சோடா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். போகிற வருகிறவர்களெல்லாம் தாசனை முறைத்தார்கள். அவன் என்னமோ என்னைச் செய்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். மேலே போனதும் அந்த ஆள், இரண்டு சினேகிதர்கள் வருகிறார்கள், இன்றைக்கு இங்கேயே தங்கிவிடு என்றிருக்கிறான். பிள்ளை மூன்று மணிக்கு வரும், முடியாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். வாக்குவாதம் முற்றி, அப்படியானால் இறங்கி நட என்று ரோட்டில் விட்டுவிட்டான். பையும் போனும் பின்சீட்டில் இருந்தன, அவற்றோடு போய்விட்டான். பஸ் ஐந்து மணிக்குத்தான். இவள் வளைவு வளைவாக இறங்கி நடந்திருக்கிறாள். வழியில் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகள். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு அக்கா, தமிழ்க்காரி, கூப்பிட்டு உட்கார வைத்துக் பால் விடாத கட்டன் சாயா கொடுத்து, காலுக்கு எண்ணெய் தடவி, அட்டை கடித்த இடத்தில் உப்பு வைத்து அனுப்பியிருக்கிறாள். ஒரு கேள்வி கேட்கவில்லையாம். அங்கிருந்து கிளம்பி இரண்டு வளைவு இறங்குவதற்குள் பைஜுவின் ஆட்டோ எதிரே வந்துவிட்டது.

உடனே இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். “மேடம், ஆள் கிடைச்சாச்சு, பத்திரமா இருக்கா. அந்தப் பேரு, அட்ரஸ்...” என்று இழுத்தேன்.

“நான் ரோட்டில் நிக்கறேன் மாமி, பேனா கேட்டு வாங்கறதுக்குள்ள நீங்க திரும்ப விளிச்சாச்சு” என்றார். “எழுதல.”

ஒரே வார்த்தை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதைக் கேட்டு ஒருத்தனை அறையப் பார்த்தேன். இப்போது அதே வார்த்தையைக் கேட்டுப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆளின் மேல் ஒரு புகார் கொடுக்கலாமா என்று பிறகு செல்வராணியைக் கேட்டேன். “நம்பர் தெரியாம எவனைப் புடிப்பாங்க மாமி?” என்றாள்.

ஆறரை மணிக்குத் தாசன் நெடுமங்காட்டில் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தான். நானும் கூடப் போனேன். கரமனை வந்து சேர்ந்தபோது ஷைனி சரோஜம்மாவின் முன்னறையில் பழம்பொரி தின்றுகொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தவள், “செருப்பு எங்கம்மா?” என்றாள். செல்வராணி அவளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

சரோஜம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மேனேஜரே, உங்க ஹோட்டல் எதுன்னு இதுவரைக்கும் நான் கேட்டிட்டில்ல. இனியும் கேக்கமாட்டேன். பிள்ளையை நான் பாத்துக்கறேன். அவளை நீங்க நல்லா நோக்கணும், கேட்டோ.”

அப்போதுதான் அந்த அதிக வாடகை எதற்கு என்று எனக்குப் புரிந்தது. கேள்வி கேட்காமல் இருப்பதற்கும், காலையில் என்ன நிறத்தில் உடுத்திப் போனாள் என்று பார்த்து வைப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த அம்மாள் வாங்கிக்கொண்டிருந்தாள். நானோ மேனேஜராக இருந்து நாலு மணி நேரம் கைப்பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டுத் தாசனைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். அவன் வாங்கியது அதிகம்தான், அதில் உன் வட்டம் சரி. ஆனால் அதை எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, செல்வராணிக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் கால் வீக்கம் வடிந்து தம்பானூருக்கு வந்தாள். மற்ற ஐந்து பேரும் கூட வந்தார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

“அண்ணே, திரும்ப எழுதணும்” என்றாள்.

“பழைய ரேட்டு” என்றான் தாசன்.

“நான் ஆயிரம் வாங்கினாலும் ரெண்டாயிரம் வாங்கினாலும் நீங்க எழுதுறது நாலு நம்பர்தானே அண்ணே. அதுக்கு எதுக்குப் பங்கு? ஒரு சவாரிக்கு இவ்வளவுன்னு பேசுவோம். காத்துக் கிடக்கிறதுக்கும் சேத்துத் தாறோம்.”

தாசன் ரொம்ப நேரம் முனகினான். பெட்ரோல் விலையைச் சொன்னான், மகளின் கல்யாணக் கடனைச் சொன்னான். செல்வராணி அசையவில்லை. கடைசியில் பழைய பங்கில் பாதிக்கும் குறைவான ஒரு தொகைக்கு வந்து நின்றார்கள். எம்.காம் படித்த நான் அகற்று என்று சொன்னேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், அவன் எதை விற்கிறான் என்று பார்த்து அதற்கு மட்டும் விலை பேசினாள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆகவே அம்மா, உன் வட்டத்தை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போய், இந்தக் காசுக்கு உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேள். லாட்ஜ்காரன் துண்டில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் தைரியமாக வெட்டு. ஆனால் அவள் பதில் சொல்லும்போது உன் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

விலை பேசி முடித்த அன்றைக்கே செல்வராணி ஒரு வண்டியில் போனாள். தாசன் பக்கத்தில் போய் நின்று பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினான். நான் கிளினிக் வேலையை விட்டுவிட்டு அவன் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டரைக்கு அவள் திரும்பி வந்தாள். தாசன் துண்டை நீட்டினான். அவள் வாங்கி, குறுக்கே இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை என் கையில் வைத்தாள்.

“இந்தாங்க மாமி. உங்க பட்டியல்ல ஒட்டி வைங்க.”

ஒட்டி வைத்தேன். நேற்று உங்களிடம் காட்டத்தான் கொண்டு வந்தேன், அதற்குள் கை தட்டிவிட்டீர்கள். டிக்கெட்டின் அச்செழுத்து முழுக்க மங்கிவிட்டது, பின்பக்கத்தில் தாசனின் பேனா எழுத்து மட்டும் நிற்கிறது. நாலில் இரண்டு எண்கள்தான் என்னிடம் இருக்கின்றன. மற்ற இரண்டையும் செல்வராணி ரோட்டில் பறக்கவிட்டுவிட்டுக் கரமனை பஸ்ஸில் ஏறினாள். வேன் வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.